வாட்டில் மருந்து கொடுப்பது: சார்ட்டைத் திறப்பதில் இருந்து கையெழுத்து வரை, தாதிய மாணவருக்கு ஒரு வழிகாட்டி

வன்னியில் ஒரு வைத்தியசாலையின் மருத்துவ வாட்டில் வேலை செய்கிறேன். பயிற்சிக்கு வரும் மாணவர்களைக் கூட வைத்துக்கொண்டு மருந்துச் சுற்றுப் போவதும் அந்த வேலைக்குள் அடக்கம். பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகளும் இந்தச் சுற்றில் தடுமாறுவதைப் பலதரம் பார்த்திருக்கிறேன். மருந்தின் பெயர், வேலை, பக்கவிளைவு எல்லாம் தெரியும். எதை எதற்கு முன் செய்யவேண்டும் என்பதில்தான் குழம்புகிறார்கள். அதனால் இதைப் படிகளின் ஒழுங்கிலேயே எழுதுகிறேன். நடுவில் யாராவது கூப்பிட்டுக் கவனம் கலைந்தால், அந்த நோயாளியின் முதற்படிக்கே திரும்பப் போங்கள். விட்ட இடத்தில் இருந்து தொடரவேண்டாம்.

இன்னொன்றும் முதலிலேயே: மாணவராக இருக்கும்வரை, பதிவுபெற்ற தாதிய உத்தியோகத்தர் பக்கத்தில் நிற்காமல் ஒரு குளிசைகூடக் கொடுக்கக்கூடாது. "நீ குடு, நான் பிறகு சைன் பண்ணுறன்" என்று யாரும் சொன்னால், "மிஸ், நீங்களும் ஒருக்கா வந்து நிண்டால் நல்லம்" என்று சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் வருவார்கள்.

1. சுற்றுக்கு முன் கையில் இருக்கவேண்டியவை

விநாடி முள் உள்ள கைக்கடிகாரம், பேனா, சின்னக் கொப்பி, கணக்குப் பார்க்கும் கருவி. போனில் கணக்குப் பார்க்கலாம்தான், ஆனால் போனை எடுத்தால் கவனம் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

கொப்பியில் அந்த வாட்டில் அடிக்கடி ஓடும் இருபது மருந்துகளை எழுதி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விஷயம் போதும்: எதற்குக் கொடுக்கிறோம், வழமையான அளவு, கொடுக்கமுன் எதைப் பார்க்கவேண்டும், கொடுத்தபின் எதைப் பார்க்கவேண்டும். வழமையான அளவு தெரியாதவருக்குப் பிழையான அளவு கண்ணில் படாது. அதனால்தான் இது சுற்றுக்கு முன் செய்கிற வேலை, சுற்றின் நடுவில் செய்கிற வேலை அல்ல.

தெரியாத மருந்து சார்ட்டில் இருந்தால் அதைக் கொடுக்காமல் நின்று கேளுங்கள். கேட்டதற்காக ஒரு மாணவரையும் நான் ஏசியது இல்லை. கேட்காததற்கு ஏசியிருக்கிறேன்.

2. சார்ட்டை வாசிப்பது

முதலில் பி.எச்.ரி.யையும் (நோயாளியின் விபரம் எழுதும் கட்டில் டிக்கற்) ட்ரக் சார்ட்டையும் (மருந்துக் கட்டளை எழுதும் தாள்) பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் பெயரும் இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். சார்ட் வேறொருவரின் டிக்கற்றுக்குள் செருகுப்பட்டுக் கிடப்பது நீங்கள் நினைப்பதைவிடக் கூட.

அடுத்து ஒவ்வாமைக் கட்டம். வெறுமையாக இருந்தால் "ஒவ்வாமை இல்லை" என்று அர்த்தம் இல்லை, யாரும் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். கட்டிலடிக்குப் போகும்போது கேட்கவேண்டும் என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒவ்வொரு வரியாக வாசியுங்கள்: மருந்து, அளவு, வழி, எத்தனை தரம், தொடங்கிய திகதி, நிறுத்திய குறிப்பு இருக்கிறதா, கடைசியாக எப்போது கொடுத்தார்கள். கடைசிக் கேள்வியைத்தான் புதியவர்கள் மறப்பார்கள். இரவு டியூட்டிக்காரர் ஆறு மணிக்குக் கொடுத்துவிட்டுப் போனதை எட்டு மணிக்குத் திரும்பக் கொடுக்க ஆயத்தமாக நின்ற பிள்ளைகள் உண்டு.

எழுத்தில் தடுக்கும் இடங்கள் சில. யூனிற் என்பதற்கு ஆங்கில யூ எழுத்தை மட்டும் போட்டால் அது பூச்சியம் போலத் தெரியும், 10 யூனிற் இன்சுலின் 100 ஆகிவிடும். முன்னால் பூச்சியம் போடாமல் புள்ளி 5 என்று எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகும். 5.0 என்று எழுதினால் 50 ஆகும். மைக்ரோகிராமை மில்லிகிராமாக வாசித்தால் ஆயிரம் மடங்கு பிழை. மீதோட்ரெக்ஸேற்றை மூட்டுவாதத்துக்கு வாரத்துக்கு ஒருநாள்தான் கொடுப்பார்கள். தினமும் கொடுத்தால் ஆளையே கொல்லும். வாரத்தில் எந்த நாள் என்று சார்ட்டில் எழுதியிருக்காவிட்டால் கேட்டு எழுதுவியுங்கள்.

கையெழுத்து விளங்காவிட்டால் ஊகிக்காதீர்கள். பக்கத்தில் நிற்கும் இன்னொரு மாணவரிடம் கேட்பதும் ஊகம்தான், இரண்டு பேர் சேர்ந்த ஊகம். எழுதிய டொக்டரிடமே போங்கள். டொக்டர் வாயால் சொல்லும் கட்டளையையோ தொலைபேசியில் வரும் கட்டளையையோ மாணவர் எடுக்கவேண்டாம். "ஒரு நிமிஷம் டொக்டர், மிஸ்ஸைக் கூப்பிடுறன்" என்றால் போதும்.

3. கணக்கு

எல்லாக் கணக்கும் ஒரே சூத்திரம்தான். வேண்டிய அளவைக் கையில் உள்ள அளவால் பிரித்து, அது எத்தனை மில்லிலீட்டரில் இருக்கிறதோ அதால் பெருக்கவேண்டும்.

12 கிலோ குழந்தைக்குப் பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது. 12 பெருக்கல் 15, 180 மில்லிகிராம். பாணி 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம். 180 ஐ 120 ஆல் பிரித்தால் 1.5, அதை 5 ஆல் பெருக்கினால் 7.5 மில்லிலீட்டர்.

இதில் பிழை வரும் இடம் பெருக்கல் இல்லை, நிறை. தாய் சொல்லும் நிறை கிளினிக்கில் மூன்று மாதத்துக்கு முன் நிறுத்ததாக இருக்கும். இன்று தராசில் போட்டுப் பாருங்கள். பாணியைக் கரண்டியால் அளக்கவேண்டாம், வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. சிரிஞ்சால் அளந்தால் அதில் ஊசியைப் பொருத்தாமல், வாயால் கொடுப்பது என்று மேலே எழுதி வையுங்கள். சிரிஞ்சில் உள்ள பாணி கனுலாவுக்குள் (நாளத்தில் போட்டிருக்கும் சின்னக் குழாய்) போனால் திருப்பி எடுக்கமுடியாது.

சேலைன் துளிக் கணக்கு: 1000 மில்லிலீட்டரை 8 மணித்தியாலத்தில் ஏற்றவேண்டும், செற் (சேலைன் ஏற்றும் குழாய்) ஒரு மில்லிலீட்டருக்கு 20 துளி. 1000 பெருக்கல் 20, அதை 480 நிமிடத்தால் பிரித்தால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 42 துளி. பிள்ளைகளுக்குப் பாவிக்கும் 60 துளிச் செற்றில் கணக்கே தேவையில்லை, மணிக்கு எத்தனை மில்லிலீட்டரோ நிமிடத்துக்கு அத்தனை துளி. எந்தச் செற் என்று உறையைப் பார்த்து உறுதிசெய்யாமல் துளி எண்ணுவது வீண்.

விடை வந்தபிறகு அது நியாயமாக இருக்கிறதா என்று ஒருகணம் யோசியுங்கள். ஒரு தரத்துக்கு மூன்று குளிசைக்கு மேல், இரண்டு அம்பியூலுக்கு மேல் என்று வந்தால் நில்லுங்கள். விதிவிலக்கு உண்டு: 40 மில்லிகிராம் பிரெட்னிசொலோன், கையில் 5 மில்லிகிராம் குளிசைதான் என்றால் எட்டுக் குளிசை சரிதான். ஆனாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் எட்டு.

பிள்ளைகளின் மருந்து, இன்சுலின், ஹெப்பரின், மோர்பின், பொட்டாசியம்: இவற்றில் இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குச் செய்து விடையை ஒப்பிடவேண்டும். உங்கள் விடையைச் சொல்லிவிட்டு "சரியா மிஸ்?" என்று கேட்டால் தலையாட்டத்தான் தோன்றும். அது இரண்டாவது கணக்கு ஆகாது.

4. மருந்தை எடுப்பது

ஒரு நேரத்தில் ஒரு நோயாளிக்கு மட்டும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைக்கமுடியும் என்றால் இதை வையுங்கள். நேரம் மிச்சப்படுத்துவதாக நினைத்து ஆறு சின்னக் கோப்பையில் ஆறு பேரின் குளிசைகளைப் போட்டு வரிசையாக ட்ரொலியில் அடுக்குவார்கள். ட்ரொலி ஒருதரம் தட்டுப்பட்டால், அல்லது யாராவது ஒரு கோப்பையை நகர்த்தினால், எது யாருடையது என்று ஆண்டவனுக்கும் தெரியாது.

போத்தலை அல்லது பெட்டியை மூன்று தரம் வாசியுங்கள்: தட்டில் இருந்து எடுக்கும்போது, மருந்தை வெளியே எடுக்கும்போது, திரும்ப வைக்கும்போது. மூன்றாவது தரம்தான் பல பிழைகளைப் பிடித்துத் தந்திருக்கிறது. அப்போதுதான் கை வேலை முடிந்து கண் உண்மையில் வாசிக்கும்.

நிறத்தையும் வடிவத்தையும் நம்பவேண்டாம். போன மாதம் வெள்ளையாக வந்த குளிசை இந்த மாதம் வேறு கம்பனியில் இருந்து மஞ்சளாக வரும். ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள் வேறு: மெற்போமின், மெற்றோனிடசோல், பிரெட்னிசொலோன், புறொப்ரனோலோல், டோபமின், டொபியூற்றமின். பெயரின் முதல் இரண்டு எழுத்தோடு நிற்காமல் கடைசி எழுத்து வரை வாயசைத்து வாசியுங்கள். பார்ப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

பொட்டாசியம் குளோரைட் அம்பியூல் ஊசிக்குப் பாவிக்கும் தண்ணீர் அம்பியூலைப் போலவே இருக்கலாம். அதை நேராக நாளத்துக்குள் ஏற்றினால் இதயம் நின்றுவிடும், எப்போதும் கலந்து மெதுவாகத்தான். இரண்டும் ஒரே தட்டில் இருப்பதைக் கண்டால் சிஸ்டரிடம் சொல்லுங்கள், மாணவர் சொல்லக்கூடாத விஷயம் இல்லை அது.

காலாவதித் திகதியைப் பாருங்கள். திறந்த இன்சுலின் குப்பியில் திறந்த திகதி இருக்கிறதா என்றும் பாருங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் யன்னலோரம் வைத்த குப்பியை எடுத்துப் பாவிக்கவேண்டாம். திறக்காதவை குளிர்சாதனப் பெட்டியில் 2 இலிருந்து 8 பாகை செல்சியசில் இருக்கவேண்டும். உறைந்து போனதும் கூடாது.

5. கட்டிலடியில்: இவர் அவரா?

என் மாணவக் காலத்தில் அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு செல்லம்மா. இரண்டு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது, தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒன்று. நான் கோப்பையோடு போய் "செல்லம்மா அம்மாவோ?" என்று கேட்டேன். "ஓம் பிள்ளை" என்றார். கையை நீட்டிவிட்டார். கோப்பையில் இருந்தது கிளிக்லசைட், சீனி வருத்தத்துக்கு. நீட்டிய கை சீனி வருத்தம் இல்லாத செல்லம்மாவுடையது, காலையில் அவர் சாப்பிட்டிருக்கவும் இல்லை. பின்னால் நின்ற சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

பிழை கேள்வியில் இருந்தது. வயதானவர்கள், காது மந்தமானவர்கள், காய்ச்சலில் கிடப்பவர்கள் எதற்கும் "ஓம்" சொல்வார்கள். அதுவும் வெள்ளைச் சட்டையோடு நிற்கும் ஆளுக்கு "இல்லை" சொல்வது எங்கள் ஆச்சிமாருக்குப் பழக்கமில்லாத ஒன்று. அதனால் "ஓம்" என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்காதீர்கள்.

"அம்மா, உங்கட முழுப்பேரைச் சொல்லுங்கோ. அப்பான்ர பேர் என்ன? எந்த ஊர்?"

பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், ஊர், பி.எச்.ரி. இலக்கம். ஒட்டுசுட்டான் செல்லம்மாவும் நெடுங்கேணிச் செல்லம்மாவும் அப்போதுதான் பிரிவார்கள். அவர் சொல்வதைச் சார்ட்டில் விரல் வைத்து ஒப்பிடுங்கள். பேசமுடியாதவர் என்றால் கூட நிற்பவரிடம் இதே கேள்விகளை இதே மாதிரிக் கேளுங்கள்.

கட்டில் இலக்கம் அடையாளம் இல்லை. வெக்கை தாங்காமல் மின்விசிறிக்குக் கீழே உள்ள கட்டிலுக்கு மாறிப் படுப்பவர்கள், நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவர்கள், விறாந்தையில் காற்று வாங்குபவர்கள் எல்லாம் எங்கள் வாட்டில் தினமும் உண்டு. சிங்களம் மட்டும் பேசும் நோயாளரும் வருவார்கள். முழுப்பெயரையும் ஊரையும் கேட்கும் இரண்டு கேள்வியைச் சிங்களத்திலும் பாடமாக்கி வையுங்கள்.

6. கொடுக்கமுன் கேட்கவேண்டியவை

"ஒவ்வாமை இருக்கா?" என்ற கேள்வி பலருக்கு விளங்காது. "முந்தி ஏதும் ஊசி போட்டு, குளிசை குடிச்சு, மேலெல்லாம் தடிச்சுக் கடிச்சதோ? மூச்சு முட்டினதோ?" என்று கேளுங்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தால் அமொக்சிசிலின், கோ-அமொக்சிக்ளேவ், குளொக்சசிலின் எல்லாம் அதே குடும்பம் என்பதை நினைவில் வையுங்கள். பெயரில் பெனிசிலின் இல்லாததால் தப்பிப் போகும் மருந்துகள் இவை.

"வீட்டில இருந்து ஏதும் குளிசை கொண்டுவந்தனீங்களோ?" இதையும் கட்டாயம் கேளுங்கள். தலையணைக்குக் கீழே சொப்பிங் பையில் கிளினிக் குளிசை இருக்கும். நாங்கள் கொடுக்கும் பிரசர் குளிசையோடு அதையும் குடித்தால் இரட்டிப்பு. பரியாரியிடம் வாங்கிய கசாயமும் இருக்கலாம். ஏசினால் அடுத்தமுறை ஒளித்து வைப்பார்கள், சாதாரணமாகக் கேளுங்கள்.

பிறகு மருந்துக்கு உரிய பரிசோதனை. டிஜொக்சின் என்றால் நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணவேண்டும், பெரியவரில் 60 இற்குக் குறைந்தால் கொடுக்காமல் அறிவியுங்கள். பிரசர் குளிசைக்கு முன் பிரசர். மோர்பினுக்கு முன் சுவாச வீதம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் எங்கள் பக்கம் அதிகம், ஜென்ரமைசின் போன்றவற்றுக்கு முன் கடைசி இரத்தப் பரிசோதனையைப் பார்த்தீர்களா என்று நான் கேட்பேன்.

இன்சுலினுக்கு முன் இரண்டு விஷயம்: இப்போதைய சுகர் எவ்வளவு, சாப்பாடு எங்கே. சாதாரண இன்சுலின் போட்டு அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிடவேண்டும். வெள்ளிக்கிழமை விரதம், நோன்பு, வீட்டுச் சாப்பாடு கொண்டுவரும் மகன் பஸ்ஸைத் தவறவிட்டது எல்லாம் இதற்குள் வரும். சாப்பாடு கண்ணால் காணாமல் ஊசியை எடுக்கவேண்டாம்.

7. கொடுப்பது

குளிசையை மேசையில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. விழுங்கும்வரை நில்லுங்கள். படுத்திருப்பவரை நிமிர்த்தி இருத்துங்கள், புரைக்கேறும். விழுங்கக் கஷ்டம் என்று எல்லாக் குளிசையையும் இடிக்கவேண்டாம். மெதுவாகக் கரையும் நிபெடிபினை இடித்தால் நாள் முழுக்க வேலை செய்யவேண்டிய மருந்து ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கிப் பிரசர் விழுந்துவிடும். பாணியாக இருக்கிறதா என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.

இன்சுலினை இன்சுலின் சிரிஞ்சில் மட்டும் எடுங்கள். 1 மில்லிலீட்டரில் 100 யூனிற் என்பதால் சாதாரண சிரிஞ்சில் கண்மதிப்பாக எடுத்தால் பத்து மடங்கு போகலாம். கலங்கலான கலப்பு இன்சுலினைக் கைகளுக்கிடையில் பத்துத் தரம் உருட்டுங்கள், குலுக்கவேண்டாம். நாளத்தில் அதை ஒருபோதும் ஏற்றக்கூடாது.

நாள ஊசிக்கு முன் கனுலா இடத்தைப் பாருங்கள். சிவப்பு, வீக்கம், நோ இருந்தால் அந்த வழி வேண்டாம். செஃப்ரியக்சோனைக் கல்சியம் உள்ள ஹார்ட்மன் சேலைனோடு சேர்க்கக்கூடாது, படிவு வரும். பினைற்றோயினுக்கு டெக்ஸ்ரோஸ் கூடாது, நோர்மல் சேலைன்தான். வங்கோமைசினை அவசரமாக ஏற்றினால் முகமும் நெஞ்சும் சிவந்து கடிக்கும், குறைந்தது ஒரு மணித்தியாலம் எடுக்கவேண்டும்.

ஊசியை மூடியால் திரும்ப மூடவேண்டாம். பாவித்த ஊசி போடும் பெட்டியைக் கட்டிலடிக்கே கொண்டுபோங்கள்.

8. கையெழுத்து

விழுங்கியபின், அல்லது ஊசி போட்டபின் உடனே. முன்கூட்டி எல்லாருக்கும் கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சுற்றுப் போகும் பழக்கத்தைப் பழையவர்களிடம் காண்பீர்கள், அதைப் பழகவேண்டாம். நோயாளி மறுத்தால் அல்லது எக்ஸ்ரேக்குப் போய்விட்டால் கட்டத்தை வெறுமையாக விடாமல் கொடுக்கவில்லை என்பதையும் காரணத்தையும் எழுதுங்கள். வெறுமையான கட்டத்தைக் காணும் அடுத்த டியூட்டிக்காரர் மறந்துவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பக் கொடுப்பார்.

வலி மருந்து கொடுத்தால் அரை மணித்தியாலத்தில், பிரசர் மருந்து கொடுத்தால் டொக்டர் சொன்ன நேரத்தில் திரும்பிப் போய்ப் பார்த்து அதையும் எழுதுங்கள்.

9. பாம்புக்கடி வரும் நாள்

காலபோக அறுவடை நேரம் இது உங்கள் பயிற்சியில் கட்டாயம் வரும். விஷமுறி மருந்து தூளாக வருகிறது, ஒவ்வொரு குப்பிக்கும் ஊசிக்குப் பாவிக்கும் தண்ணீர் 10 மில்லிலீட்டர் விட்டு மெதுவாகச் சுழற்றவேண்டும். குலுக்கினால் நுரைத்து எடுக்கமுடியாமல் போகும். நிறையக் குப்பி என்பதால் இரண்டு பேர் சேர்ந்து கலக்குங்கள், வெறுங்குப்பிகளை எண்ணி எழுதும்வரை எறியவேண்டாம்.

மாணவர்கள் குழம்புவது அட்ரினலினில். விஷமுறிக்கு முன் ஒவ்வாமையைத் தடுக்கத் தோலுக்குக் கீழே போடுவது 0.25 மில்லிகிராம். ஒவ்வாமை வந்தபின் பெரியவருக்குத் தொடைத் தசையில் போடுவது 0.5 மில்லிகிராம். ஒரே அம்பியூல், 1 மில்லிலீட்டரில் 1 மில்லிகிராம். எது எதற்கு என்று சிரிஞ்சில் எழுதி ஒட்டுங்கள். இரண்டாவது சிரிஞ் விஷமுறி தொடங்கமுன்பே கட்டிலடியில் ஆயத்தமாக இருக்கவேண்டும், ஏறத் தொடங்கியபின் தேடி ஓடக்கூடாது. மேலில் அரிப்பு, தடிப்பு, சத்தி, மூச்சிழுப்பு ஏதாவது கண்டால் முதலில் விஷமுறி ஏறும் சேலைன் செற்றை மூடிவிட்டுப் பிறகு கத்திக் கூப்பிடுங்கள்.

10. பிழை நடந்துவிட்டால்

முதலில் நோயாளி. நாடி, பிரசர், சுவாசம், தேவையென்றால் சுகர். அதே நிமிடத்தில் உங்களோடு நிற்கும் உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அவர் டொக்டருக்குச் சொல்வார். "ஒண்டும் ஆகேல்லத்தானே, பாப்பம்" என்று காத்திருப்பதில்தான் ஆபத்து. கிளிக்லசைட் பிழையாகப் போனவருக்குச் சுகர் விழப் பல மணித்தியாலம் எடுக்கலாம்.

பிறகு எழுதுங்கள்: என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நோயாளி எப்படி இருந்தார், யாருக்கு அறிவித்தீர்கள். காரணம் சொல்லி வக்காலத்து வாங்கவேண்டாம், நடந்ததை மட்டும். வாய்க்குப் போகாமல் தடுக்கப்பட்ட பிழையையும் எழுதுங்கள்.

செல்லம்மா விஷயத்தை அன்று பின்னேரமே எழுதிக் கொடுத்தேன், கை நடுங்க நடுங்க. சிஸ்டர் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை இரண்டு டிக்கற்றின் மேலும் சிவப்புப் பேனையால் ஊர்ப் பெயர் பெரிதாக எழுதியிருந்தது, ஒரு செல்லம்மாவின் கட்டில் வாட்டின் மறுகோடிக்குப் போயிருந்தது.